66 அடி, நாலரை அங்குலம்

1980-களின் நடுவில் இரணியலில் எந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம், கூரையைப் பார்த்தாலே போதும். ஓட்டு முகட்டில் கட்டிய மூங்கிலிலிருந்து பக்கத்துத் தென்னைக்கோ பிலாவுக்கோ ஒரு செம்புக் கம்பி ஓடும். கொஞ்சம் வசதியான வீடென்றால் விரலகலத்துக்குப் பின்னிய வலை ஏரியல். திருநெல்வேலி வானொலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இதெல்லாம் தேவையில்லை, சும்மாவே கேட்கும். 1984 அக்டோபரில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலிலேயே வந்துவிட்டது. கம்பி கட்டியதெல்லாம் சிற்றலைக்காக. லண்டனிலிருந்து தமிழோசை, மணிலாவிலிருந்து வேரித்தாஸ், மாஸ்கோ தமிழ் ஒலிபரப்பு. இலங்கை வானொலியை எங்களில் யாரும் வெளிநாட்டு நிலையமாக நினைத்ததே இல்லை. அப்துல் ஹமீதின் குரல் கேட்காத திண்ணை எங்கள் தெருவில் கிடையாது.

அந்தக் கம்பிகளுக்கெல்லாம் நீளம் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. முகட்டுக்கும் மரத்துக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளம். ஊரில் அளந்து, கணக்குப் போட்டு, அங்குலம் அங்குலமாகத் திருத்திக் கட்டிய கம்பியை நான் முதலில் பார்த்தது என் தாய்மாமா வீட்டில்தான்.

மாமா திங்கள்சந்தையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வால்வு செட்டுகளின் காலம் முடிந்து டிரான்சிஸ்டர்கள் வந்து, அதற்கும் மேல் டிவி வரத் தொடங்கியிருந்த நேரம். பகல் முழுக்க மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து மூடிய மனுஷன், ராத்திரி தனக்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ, லைசென்ஸுக்காகத் திருவனந்தபுரம் போய்ப் பரீட்சை எழுதினார். இரணியலுக்கு ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. 1979-ல் திறந்த பாதை அது. போகும்போதும் வரும்போதும் ரயிலில் மோர்ஸ் பாடம் செய்துகொண்டே போனதாக அத்தை சொல்வாள். நிமிஷத்துக்கு 5 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் எடுக்கவும் தெரிந்தால் அன்று இரண்டாம் தர லைசென்ஸ் கிடைத்தது. மாமா மேசையைத் தட்டும் விரலிலிருந்தே நான் முதல் இரண்டு எழுத்துகளைப் படித்துவிட்டேன். டா டி டா டிட். டா டா டி டா. சி, க்யூ. 'யாராவது கேட்கிறீர்களா' என்று உலகத்தைப் பார்த்துக் கூப்பிடுவது.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் மாமா அதைக் கண்ணாடி போட்டு முன்வாசல் சுவரில் மாட்டினார். காரணம் இருந்தது. இலங்கைப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. 'வயர்லெஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே கடற்கரை ஊர்களில் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆச்சி மிகவும் பயந்தாள். அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம், அவருடைய அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.ஜி. என்று மாமா சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. "ராஜ்ஜியம் ஆளுறவன் செய்யுத காரியம்னா குத்தம் இருக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்தாள்.

பெட்டி தயார், லைசென்ஸ் தயார். இனி ஆன்டெனா. ஆறாம் வகுப்பு லீவில் இருந்த என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மாமா கணக்குப் போட்டார். அந்தத் தாள் இன்றும் கண்ணில் நிற்கிறது.

ரேடியோ அலை ஒரு விநாடியில் 30 கோடி மீட்டர் ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஹாம்களுக்கு ஒதுக்கிய 40 மீட்டர் பட்டையில், அது விநாடிக்கு 70 லட்சம் தடவைக்கு மேல் அதிரும். அன்று பட்டை 7000 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 7100-ல் முடிந்தது. நடுவில் 7050-ஐ எடுத்துக்கொள். 300-ஐ 7.05-ஆல் வகுத்தால் ஓர் அலையின் நீளம் 42 மீட்டர் 55 சென்டிமீட்டர். அதில் பாதி நீளத்துக்குக் கம்பி வெட்டி, நடுவில் இரண்டாகப் பிரித்து, அந்தப் பிரிவில் கேபிளைக் கொடுத்தால் அதுதான் டைபோல். பாதி என்றால் 21 மீட்டர் 28. ஏறக்குறைய 70 அடி.

"அப்போ எழுவதடி வெட்டலாமா மாமா?"

"நில்லு மக்களே. காத்துல போற அலைக்கு எழுவது. கம்பியில போறதுக்கு அது வராது."

கம்பிக்குத் தடிமன் உண்டு. நுனியில் பீங்கான் உண்டு, அதில் சுற்றிய வளையம் உண்டு. அங்கே மின்சாரம் சட்டென்று நிற்காமல் கொஞ்சம் தேங்குகிறது. அதனால் கம்பி தன் உண்மையான நீளத்தைவிடச் சற்று நீளமாக நடந்துகொள்கிறது. அதற்காக நூற்றுக்கு ஐந்து கழித்துவிட வேண்டும். புத்தகங்களில் இதை ஒரே வரியில் அடக்கிவிட்டார்கள்: 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகு, வருவது அடி. மாமா வகுத்தார். 66 அடி, நாலரை அங்குலம். பாதிக்கு 33 அடி இரண்டேகால் அங்குலம். கீழே இரண்டு கோடு போட்டார். எனக்கு அந்த எண் வேதவாக்காகத் தெரிந்தது. மாமாவுக்கு அப்படித் தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கம்பியை நாகர்கோவிலில் மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டு வாங்கினோம். 16 கேஜ் செம்புக் கம்பி, மீட்டருக்கு 18 கிராமுக்குச் சற்று மேல். அரைக்கிலோவுக்கு உள்ளே முழு ஆன்டெனாவும் அடங்கிவிடும், மிச்சமும் வரும். வீட்டுக்கு வந்ததும் அளப்போம் என்று நான் முழக்கோலைத் தூக்கினேன். மாமா வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கம்பியின் ஒரு நுனியைப் பிலாவின் தூரில் கட்டினார். மறுநுனியை ஒரு கட்டையில் சுற்றி, நானும் அவருமாகப் பின்பக்கம் சாய்ந்து இழுத்தோம். முதலில் கம்பி அதிர்ந்தது. சுருள் வளைவுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பிறகு கைக்குள்ளே ஏதோ மெல்ல விட்டுக்கொடுத்தது. அந்தக் கணத்தை என் உள்ளங்கை மறக்கவில்லை. மெத்தென்ற செம்பு, இழுத்தால் நீளும். நீளும் மட்டும் நீண்டு, பிறகு கடுத்து நின்றுவிடும். இதைச் செய்யாமல் வெட்டிக் கட்டினால், மரங்களுக்கு இடையில் தன் கனத்திலும் காற்றின் இழுப்பிலும் அது தானே நீளும். ஆறு மாதத்தில் நாம் போட்ட கணக்கு வேறு, மேலே தொங்குகிற நீளம் வேறு என்று ஆகிவிடும்.

அளக்க இடம் வேண்டும். 70 அடி நேர்கோடு எங்கள் முற்றத்தில் இல்லை. நெசவுத் தெருவுக்குப் போனோம். இரணியல் என்றால் பழைய அரண்மனைக்கு அடுத்தபடி கைத்தறிதான், வேட்டியும் நேரியலும். காலையில் பாவு நீட்டி முடித்து, கஞ்சி காய்ந்து, சுருட்டி எடுத்துப் போன பிறகு தெரு காலியாகக் கிடக்கும். பாவு நீட்டும் கம்புகள் மட்டும் நிற்கும். ஒரு மூத்த நெசவாளி திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. கம்பியை நான் தளர்வாகப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். "இழுப்பு ஒண்ணுபோல இருந்தாத்தான் அளவு அளவா இருக்கும், பிள்ளே" என்றார். வாழ்நாளெல்லாம் நூலை நீட்டிய கை அது. அவர் இழுத்துப் பிடிக்க, மாமா அளக்க, ஆணி வைத்துக் கல்லில் கீறி நான் அடையாளம் போட்டேன். 33 அடி இரண்டேகால் அங்குலம் வந்தது. அங்கே வெட்டவில்லை. 34 அடியில் வெட்டினார் மாமா. மறுபாதியும் 34.

"புஸ்தகத்துல உள்ள அளவு வேறெ யாரோ வீட்டு முத்தத்துல எடுத்தது. நம்ம தென்னையும் நம்ம ஓடும் அதுக்குத் தெரியுமா? கூட வெட்டினா மடக்கலாம். குறைச்சு வெட்டினா முடிச்சுப் போடணும். முடிச்சுப் போட்ட கம்பி மழையில நிக்காது, கேட்டியா."

நடுவில் வைக்க முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர். பழைய ஏரியல்களில் தொங்கியதுதான். இறங்கி வரும் கேபிளுக்கு மாமா தேடி அலையவில்லை. திருவனந்தபுரம் தூர்தர்ஷனையும் இலங்கை ரூபவாஹினியையும் பிடிக்க வீட்டுக்கு வீடு கம்பம் நடும் காலம், டிவி கேபிள் கடையில் சுருள் சுருளாகக் கிடந்தது. அது 75 ஓம். தடையில்லாத வெளியில் தொங்கும் டைபோலின் நடுப்புள்ளி 73 ஓம் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்துபோகும். விலை உயர்ந்த கேபிளுக்கு ஆசைப்படத் தேவையே இல்லை.

தென்னையில் ஏறுகிறவர் வந்து, கிணற்றுக் கப்பியை ஒரு மரத்தின் மண்டைக்குக் கீழே கட்டிக் கொடுத்தார். கயிற்றின் ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் செங்கல் நிரப்பிய சாக்கு. காற்றில் தென்னை ஆடினால் சாக்கு ஏறும், இறங்கும். கம்பிக்கு வலிக்காது. இரண்டு பருவமழையும் பெய்கிற மண்ணில் இது இல்லாமல் ஆன்டெனா கட்டுகிறவன், அடுத்த இடவப்பாதியில் அதைத் தரையிலிருந்து பொறுக்க வேண்டியதுதான்.

பிறகு தொடங்கியது உண்மையான வேலை. அனுப்பும் மின்சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாமாவே செய்திருந்தார். பழைய டேப் ரெக்கார்டரின் மீட்டர் அதன் முகம். பட்டையின் அடியில் 7000, நடுவில் 7050, நுனியில் 7100 என்று மூன்று இடத்தில் சாவியை அழுத்திப் பார்ப்பார். எங்கே முள் அதிகம் தாழ்கிறதோ அதுவே கம்பிக்குப் பிடித்த இடம். 34 அடி வீதம் இருந்தபோது மூன்று இடத்திலும் முள் உயரத்திலேயே நின்றது, 7000-ல் கொஞ்சம் குறைவு, 7100-ல் அதிகம். கீழே போகப் போக நல்லது என்றால் கம்பி நீளம், மேலே போகப் போக நல்லது என்றால் கம்பி குட்டை. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் பொறுமைதான். 7 மெகாஹெர்ட்ஸில் மொத்த நீளத்தில் 11 அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 100 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். அதையும் இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிட வேண்டும்.

சாக்கை இறக்கி, நுனிகளை மடக்கிச் சுற்றி, மறுபடி ஏற்றினோம். புத்தகம் சொன்ன 66 அடி நாலரை அங்குலத்துக்கு வந்தபோது எனக்கு ஒரே ஆவல். முள் 7000-ல்தான் அதிகம் தாழ்ந்தது. இன்னும் நீளம்! மாமா சிரித்துக்கொண்டே தென்னையோலைகளைக் காட்டினார். ஈர ஓலை, பக்கத்தில் ஓட்டுக்கூரை, முப்பதடி உயரம், அடியில் நனைந்த மண். இவை எல்லாம் சேர்ந்து கம்பியை இன்னும் கொஞ்சம் நீளமாகக் காட்டுகின்றன. அந்தியில் 65 அடி 9 அங்குலத்துக்கு வந்தபோது 7050-ல் முள் அடியில் படுத்தது. மாமா மடக்கியதை அறுக்கவில்லை, அப்படியே சுற்றி ஈயம் வைத்துவிட்டார். நாளைக்குத் தென்னையை வெட்டினால் கம்பிக்கு வேறு அளவு வேண்டியிருக்கும் என்பது அவர் எண்ணம். ஆன்டெனாவின் நீளம் என்பது கம்பியின் குணம் மட்டுமல்ல, அது தொங்கும் இடத்தின் குணமும்தான் என்று நான் அன்று கற்றதை, பின்னாளில் பொறியியல் வகுப்பில் சமன்பாடுகளாகப் பார்த்தபோது எனக்குப் புதிதாக எதுவும் இல்லை.

முதலில் பதில் கொடுத்த நிலையங்களில் ஒன்று இலங்கையிலிருந்து. 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி ஹெட்போனில் விட்டு விட்டு வந்தபோது மாமா எழுதிய பென்சில் நடுங்கியது. கொழும்பு எங்களிடமிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரம்தான். 40 மீட்டர் பட்டையில் முப்பதடி உயரத்துக் கம்பி அலையை நேரே மேலே எறியும். அது அயனி மண்டலத்தில் பட்டுக் குடை விரித்த மாதிரி சுற்றிலும் இறங்கும். அதனால் பக்கத்து ஊர்களுக்குத் தாழ்ந்த கம்பி நல்லது. தூர தேசம் வேண்டுமானால் உயரம் வேண்டும். கம்பியைக் கிழக்கு மேற்காகக் கட்டுவதா, வடக்கு தெற்காகவா என்று மூளையைக் குழப்புகிறவர்கள் உண்டு. இந்த உயரத்தில் அதற்குப் பெரிய மதிப்பில்லை, எங்கே மரம் இருக்கிறதோ அங்கே கட்டலாம். இரணியலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு எங்கள் பக்கமாகத்தான் போகிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் 1963-ல் ராக்கெட் ஏவியதே அதற்காகத்தான். எங்கள் தலைக்கு மேலே ஆகாயத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய விஞ்ஞானிகள் ராக்கெட் விட்ட அதே வானத்தில்தான் மாமாவின் மோர்ஸ் பட்டுத் திரும்பியது. இதை அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் வரும். எனக்கும்தான்.

அதே கம்பி 21 மெகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும், மூன்று மடங்கு. ஆனால் அச்சாக அல்ல. நுனியின் தேக்கம் இரண்டு நுனிகளில் மட்டும்தான் என்பதால், மூன்றாம் மடங்கு பட்டைக்குச் சற்று மேலே போய் விழும். சூரியப் புள்ளிகள் அடங்கிக் கிடந்த 1986-ல் அதனால் பெரிய நஷ்டம் இல்லை, உயர் பட்டைகள் பெரும்பாலும் செத்துக் கிடந்தன. 1989 வாக்கில் சூரியன் உக்கிரமானபோது 28 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துகொண்டது. அப்போதுதான் கம்பி கட்டிய ஒரு மரத்துக்கு ஆபத்து வந்தது.

துலாமாத இடிமழையில் வடக்குத் தென்னை மண்டை கருகிப் போனது. மாமா இடி மாதங்களில் கேபிளை ஜன்னலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிடுவார், அதனால் பெட்டி பிழைத்தது. இனி இருப்பது ஒரு மரம். டைபோல் முடியாது. ஜன்னலிலிருந்து மரத்துக்கு ஒற்றைக் கம்பி, நுனியிலிருந்து மின்சாரம் ஊட்ட வேண்டியதுதான். இப்போது அளவைப் பற்றிய கேள்வி தலைகீழாகிவிட்டது. எந்த நீளம் வேண்டும் என்பதல்ல, எந்த நீளம் ஆகாது என்பது.

மாமா கரித்துண்டை எடுத்துத் திண்ணைச் சுவரிலேயே எழுதினார். பாதியலைக் கம்பியின் நுனியில் மின்னோட்டம் இல்லை, மின்னழுத்தம் மட்டுமே உச்சம். அங்கே ஊட்டப் போனால் ஆயிரக்கணக்கான ஓம். கேங் கண்டன்சரில் பொறி பறக்கும், கம்பியைப் பெட்டியோடு பொருத்தும் டியூனர் திணறும். பாதியலையின் மடங்குகள் எல்லாவற்றுக்கும் இதே கதி. 7 மெகாஹெர்ட்ஸுக்குப் பாதியலை 66 அடி. 14-க்கு 33. 21-க்கு 22. 28-க்குப் பதினாறரை. மடங்குகளையும் சேர்த்து வரிசையாக எழுதினார்: பதினாறரை, 22, 33, 44, நாற்பத்தொன்பதரை, 66. "இதுல பெரிய இடைவெளி எங்கெ இருக்கு, பாரு" என்றார். பார்த்தேன். நாற்பத்தொன்பதரைக்கும் 66-க்கும் நடுவில். அதன் நடுப்புள்ளி ஏறக்குறைய 58. அவ்வளவுதான் கணக்கு. ஹாம்கள் பலர் ஒற்றைக் கம்பிக்கு 58 அடி என்று எடுப்பதற்குப் பின்னால் மந்திரம் ஏதும் இல்லை, இந்த நாலு பட்டைகளின் பகையிலிருந்தும் தள்ளி நிற்கும் நீளம் அது. அதற்குத் துணையாகக் கிணற்றடி ஈரமண்ணில் செம்புப் பட்டை புதைத்து எர்த் கொடுத்தார், முற்றத்து மண்ணில் சில கம்பிகளையும் பரப்பினார். ஒற்றைக் கம்பி என்று சொன்னாலும் பூமி அதன் மறுபாதி. எர்த் சரியில்லாமல் நீளத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

மிச்சக் கம்பியை மாமா எனக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டு முகட்டில் கட்டிச் சிற்றலை கேட்டேன். கேட்க மட்டும் என்றால் இந்த நியாயங்கள் எதுவும் தேவையில்லை. எந்த நீளமும் போதும். நீளம் கூடக்கூட இரைச்சலும் கூடும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

மாமா இப்போது இல்லை, ஆனால் அவருடைய கம்பியை நினைக்க வைத்த நாட்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் கடல் வாரிக்கொண்டு போனபோது நான் வெளியூரில் இருந்தேன். அதே நாட்களில் அந்தமானில் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் தலைமையில் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தது. தொலைபேசிகள் அறுந்தபோது தீவிலிருந்து செய்தியை நாட்டுக்குக் கொண்டுவந்தவை அவர்களுடைய கம்பிகள். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் எங்கள் மாவட்டத்தின் ரப்பரையும் வாழையையும் மின்கம்பங்களையும் சாய்த்துப்போட்டபோது, இரணியலைச் சுற்றிய ஊர்களில் செல்போனும் கரண்டும் இல்லாமல் சனம் தவித்தது. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டோமா என்று கரையில் நின்றவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அதனால்தான் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எங்கள் கடற்கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு ஹாம் நிலையம் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். தென்னைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 12 வயது நிரம்பிய பிள்ளை பரீட்சை எழுதலாம், ஆரம்ப லைசென்ஸுக்கு மோர்ஸ்கூடத் தேவையில்லை. ஆசிரியர்கள் யாராவது முன்வந்தால் கம்பி அளக்க நான் வருகிறேன். 468-ஐ வகுத்து வரும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கடையில் 70 அடியாகவே வாங்குங்கள். வாங்கியதும் இழுத்துவிட்டு அளக்கவும்.